சீர் புறப்பட்ட வீட்டில் ஒரு நாய்

இந்த ஊரில் எதுவும் சத்தமில்லாமல் நடக்காது. பிள்ளைக்குக் காது குத்தினால் சத்தம், பெண் வயதுக்கு வந்தால் சத்தம், கல்யாணத்துக்குச் சத்தம், செத்தால் எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தம். பசுமலையில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு அமைதியான தெரு என்றுதான் பேர். ஆனால் மெயின் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் கோயிலில் குழாய் ஸ்பீக்கர். அரசியல்வாதி யாராவது ரோட்டில் போனால் சரவெடி. இதையெல்லாம் நான் அதுவரை கேட்டதே இல்லை. காது இரண்டும் நன்றாக வேலை செய்தும் ஐம்பதை நெருங்கும் வயது வரை கேட்காமலே இருந்திருக்கிறேன். நாய் வந்த பிறகுதான் ஊர் எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். நாய் வளர்க்கலாம் என்றது மனைவிதான். பழங்காநத்தத்தில் ஒரு அம்மா தன் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, தெருவில் அடிபட்டது, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று நாய்களைச் சேர்த்து வைத்திருந்தார். போய்ப் பார்த்தோம். மற்ற நாய்களெல்லாம் எங்கள் மேலே ஏறி விழுந்தன. ஒன்று மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. செம்மண் நிறம், பெட்டை, இடது காது நுனியில் ஒரு வெட்டு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதை யாரும் எடுக்க மாட்டாங்க சார். மத்ததப் பாருங்க,” என்றார் அந்த அம்மா.

இப்படிச் சொன்னால் எனக்குப் போதும். யாராவது வேண்டாம் என்று சொன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன். என் கல்யாணமே அப்படி நடந்ததுதான். “இதையே எடுத்துக்கிறோம்மா,” என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் அவள் கையும் அதற்குள் அந்த மூலைப் பக்கம்தான் நீண்டிருந்தது.

அந்த நாய்க்கு முன்பு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மா சொன்னது கொஞ்சம்தான். “அதட்டாதீங்க. துரத்திப் பிடிக்காதீங்க. அதுவா வரணும் சார்.” நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தானாக வரும் என்று நான் எதையும் விட்டுவைத்ததில்லை. வாய்ப்பாடு தானாக வருமா? எட்டாம் வகுப்புப் பயல்களை அடக்குவதற்கு என் குரல் ஒன்றே போதும் என்று சக வாத்தியார்கள் சொல்லுவார்கள். நான் வராண்டாவில் செருமினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாகிவிடும். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அது மகளின் கட்டிலுக்கு அடியில் போனது. போனது போனதுதான். தண்ணீர்ச் சட்டியும் சோற்றுத் தட்டும் உள்ளே தள்ளிவிட்டு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தால்தான் சாப்பிடும். ஒரு பெயர் வைத்தோம். கூப்பிட்டால் இன்னும் சுருங்கியது. பெயரை விட்டுவிட்டோம். குக்கர் விசில் அடித்தால் நடுங்கும். பால்காரர் மணி அடித்தால் நடுங்கும். நான் தும்மினால் கட்டிலே ஆடும். குரைக்கவே இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைக்காத நாயை என்ன செய்வது என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீகளே சார்,” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அவரிடமும் கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் உள்ளே கட்டில் ஆடும். “ஆமாங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பதிலடி கொடுக்காமல் விட்ட முதல் கிண்டல் அது.

அந்த நாய்க்காக வீட்டில் எங்கள் வாழ்க்கையே மாறிப்போனது. குக்கரைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனாள் மனைவி. கதவுகளின் இடுக்கில் துணி வைத்தோம். நான் குரலைத் தணித்துப் பேசப் பழகினேன். முதலில் போனில் பேசுகிறவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள். மாலையில் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில், கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருவேன். நாயைப் பார்க்கக் கூடாது. அது இருப்பதே தெரியாத மாதிரி இருக்க வேண்டும். தப்பான விடையைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும், சத்தமாகத் திட்டிக்கொண்டேதான் திருத்துவேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். அந்த வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் கொஞ்சம் கூடத்தான் விழுந்தது.

வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம், என் குதிகாலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. நான் அசையவில்லை. அது முகர்ந்தது, யோசித்தது, மறுபடி முகர்ந்தது. பிறகு என் கால் பக்கத்தில் படுத்துக்கொண்டது. என் கால் மரத்துப் போய்விட்டது. வலித்தது. எடுக்கவில்லை. மனைவி வாசலில் காப்பித் தம்ளரோடு நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என்றைக்கு இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், மகள் முதல்முதலில் என் விரலைப் பிடித்த அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஹாலுக்கு வந்தது. அடுப்படி வரை வந்தது. மனைவி காய் நறுக்கும்போது கேரட் துண்டுக்கு நின்றது. வாலைப் பாதி ஆட்டியது. முழுதாக ஆட்டுவதற்குள் அடுத்த தெருவில் ஒரு சாவு. ஊர்வலம் எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது வேட்டுப் போட்டார்கள். நாய் மறுபடி கட்டிலுக்கு அடியில். சோறு தண்ணீர் இல்லை. நாங்கள் ஆரம்பித்த இடத்துக்கே போனோம். பழங்காநத்தத்து அம்மாவுக்குப் போன் செய்தேன். “திரும்ப வரும் சார். ஆனா சத்தம் வெளியில இருந்து வந்தா பரவால்ல. வீட்டுக்குள்ளயே வந்துருச்சுன்னா, வீடும் ஆகாதுன்னு அதுக்குத் தோணிரும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்,” என்றார். அது மெல்ல மெல்ல மறுபடி வெளியே வந்தது. ஆனால் அந்த அம்மா சொன்னது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் தங்கை வெற்றிலை பாக்கோடு வந்தாள். சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண்ணுக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். நான் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என் வீட்டிலிருந்துதான் சீர் போக வேண்டும். புறப்படும்போது வாசலில் கொட்டும் வேட்டும், சமயநல்லூர் மண்டபத்துக்கு முன்னால் மறுபடி கொட்டும் வேட்டும்.

“வேட்டு மட்டும் வேண்டாம்மா. வீட்ல நாய் இருக்கு. பயந்துரும்,” என்றேன்.

“நாய்க்காகவாண்ணே?”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அய்யா எம்புட்டுப் பேரு வீட்டு விசேசத்துக்குக் கொட்டடிச்சிருப்பாரு. நமக்குன்னு ஒருநா யாரும் அடிச்சிருக்காகளா? என் காதுகுத்து எப்பிடி நடந்துச்சுன்னு உனக்கு நெனப்பில்லையா?”

நினைப்பிருந்தது. எங்கள் அய்யா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கொட்டு அடிக்க வேண்டியதும் எங்கள் ஆட்கள்தான். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதே கொட்டை அடித்துக்கொண்டு அவர்கள் தெரு வழியாகப் போக முடியாது. தங்கைக்குக் காது குத்தியபோது எங்கள் மாமா சீரை ஒரு கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி, வரப்பு வழியாக நடந்து வந்தார். அன்றைக்குச் சத்தம் என்றால் தங்கை அழுத சத்தம் மட்டும்தான். இப்போது நான் வாத்தியார், சொந்த வீடு, வாசலில் வண்டி. அவள் கேட்பது சத்தத்தை அல்ல என்று எனக்குத் தெரியும். நாய்க்கு இதை எப்படிச் சொல்வது? இருதலைக் கொள்ளி எறும்பு என்று தமிழ் வகுப்பில் அர்த்தம் கேட்டால் இனிமேல் என்னையே காட்டலாம்.

கடைசியில் ஒரு வழி செய்தோம். என் வீட்டு வாசலில் கொட்டும் இல்லை, வேட்டும் இல்லை. சமயநல்லூர் எல்லை தொட்டதும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். தங்கை அரை மனதாகத் தலையாட்டினாள். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, வண்டி ஏற்பாடு அவன் பொறுப்பு. அவனிடம் தனியாகச் சொன்னேன். “வாசல்ல வேட்டு வேண்டாம்டா.”

“சரிண்ணே.”

“வேண்டவே வேண்டாம்.”

“அட, சரிண்ணே,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பந்தியில் போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். மரியாதை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் கூச்சப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு அழுத்தி வேண்டாம் என்கிறாரோ அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும். நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.

சீர் அன்று காலையில் மினி லாரி வந்தது. சொந்தபந்தம் வந்தது. நாயை உள் அறையில் விட்டு, மனைவி கூட உட்கார்ந்துகொண்டாள். லாரி போன பிறகு அவள் ஆட்டோவில் வருவதாக ஏற்பாடு. எனக்குத் தலையில் உருமா கட்டினார்கள், கழுத்தில் மாலை போட்டார்கள். தோடு வைத்த வெள்ளித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். அதைத் தங்கை கையில் கொடுக்கும்வரை கீழே வைக்கக் கூடாது. புறப்பட்ட சீர் வாசப்படிக்குத் திரும்பவும் கூடாது. நான் வாசலுக்கு வெளியே கால் வைத்ததும் ஒரு பெரியம்மா கேட்டார், “அத்தைக்காரி எங்க? அவ இல்லாம ரெண்டாவது தட்டை யாரு தூக்குறது?”

“தொட்டுக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க,” என்று வேறு யாரோ சொன்னார்கள். ஒரு நிமிஷ வேலைதானே என்று மனைவி எழுந்து வந்தாள். அறைக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை. வாசலில் தட்டைத் தொட்டாள்.

தெருவே வெடித்தது. எங்கள் கேட்டிலிருந்து தெரு முனை வரை, எனக்குத் தெரியாமல் இரவோடிரவாக வாங்கிவைத்த சரவெடியைத் தம்பி நீளமாக விரித்திருந்தான். பக்கத்துச் சந்தில் ஒளிந்திருந்த டிரம் செட்டும் அதே நேரத்தில் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. புகைக்கு நடுவில் தம்பி என்னைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தான். அவன் முகத்தில் இருந்தது பாசம். அதை நான் என்றைக்கும் மறுக்க முடியாது.

நாய் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஆட்களின் கால்களுக்கு இடையில் புகுந்து, கேட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றது. என்னிடமிருந்து நாலு எட்டு இருக்கும். என்னைப் பார்த்தது. உருமாவும் மாலையும் இருந்தாலும் என்னைத்தான் அடையாளம் கண்டுகொண்டது என்று நினைக்கிறேன். நான் குனிந்திருக்க வேண்டும். தட்டு கையில் இருந்தது. “தட்டைக் கீழ வச்சுராதய்யா,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த குரல் என்னையும் மீறி வெளியே வந்தது.

“பிடிங்கடா அதை.”

எட்டாம் வகுப்புக் குரல். டிரம் சத்தத்துக்கு மேலே கேட்டது. நாய் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. காதை ஒட்ட வைத்துக்கொண்டு, என்னிடமிருந்து திரும்பி, வெடித்துக்கொண்டிருந்த சரத்தின் பக்கமே ஓடியது. வேட்டுச் சத்தத்தைவிட நான் பெரிய பயமாகிவிட்டேன். மெயின் ரோட்டுப் பக்கம் அது மறைவதை, இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி செருப்புக்கூடப் போடாமல் அது போன திசையில் ஓடினாள். இரண்டாவது தட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். என்னை லாரியில் ஏற்றினார்கள். நான் இறங்கியிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். மாமன் இறங்கிப் போய்விட்டால் சமயநல்லூரில் என் தங்கை யார் முகத்தில் விழிப்பாள்? வழி முழுக்க நான் ரோட்டோரத்து நாய்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் வேறு நாய்கள்.

மண்டபத்தில் தங்கை வாசலில் நின்றிருந்தாள். சீர் கொட்டோடு வருவதைப் பார்த்து அழுதாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் சிரித்தேன். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். என்மேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை. வீட்டுக்குப் போனால் தோளில் ஏறி இறங்க மாட்டாள். மொட்டையடிக்கும்போதே அழ ஆரம்பித்தாள். காது குத்துகிற ஆசாரி அருகில் வந்ததும் திமிறினாள். “நல்லாப் பிடிச்சுக்கங்க மாமா,” என்றார் ஆசாரி. பிடித்தேன். ஒரு கையால் இரண்டு கையையும், மறு கையால் தலையையும். “மாமா விடு, மாமா விடு,” என்று என் முகத்தைப் பார்த்துக் கதறினாள். அவள் உடம்பு நடுங்குவது என் மடியில் தெரிந்தது. அந்த நடுக்கம் எனக்குப் பழகிய நடுக்கம். நான் விடவில்லை. விட்டால் ஊசி தப்பான இடத்தில் ஏறும்.

பந்தியில் தங்கை பக்கத்தில் வந்து, “அண்ணி எங்கண்ணே?” என்றாள். சொன்னேன். அவள் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான் அவனைப் போடச் சொல்லலண்ணே,” என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். தம்பி விஷயம் கேள்விப்பட்டதும் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு பசுமலைக்குப் போனான். இருட்டும்வரை சந்துசந்தாகத் தேடினான். திரும்பி வந்து என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திட்ட வேண்டும் போல இருந்தது. எனக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை. “சாப்பிட்டுப் போடா,” என்றேன்.

மறுநாள் விடியும்போது அது வந்திருந்தது. நாங்கள் தேடிய தேடல் எதுவும் அதைக் கொண்டுவரவில்லை. தானாக வந்து, வெளியே மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் சுருண்டிருந்தது. பின்னங்காலில் ஒரு சிராய்ப்பு. மனைவி கதவைத் திறந்து வைத்தாள், கேரட்டைப் படியில் வைத்தாள். வீட்டுக்குள் வரவில்லை. மழை பெய்தபோதும் வரவில்லை. மனைவி தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால் சாப்பிடும். அவளை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் விட ஆரம்பித்தது. நான் வந்தால் மட்டும் மோட்டாருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரியும். செருப்பில்லாமல் போனேன். அதுவும் தெரிந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், விடைத்தாள் திருத்தினேன், கிசுகிசுத்துப் பேசினேன். நான் எழுந்து போகும்வரை அது நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு நல்லது செய்ய வேண்டுமானால் நான் பக்கத்தில் போகாமல் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பழங்காநத்தத்து அம்மா வந்து பார்த்தார். “காத்திருங்க சார்,” என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். “அது எனக்கு எப்பிடிச் சார் தெரியும்?” என்றார்.

பிள்ளைக்குக் காது ஆறிய பிறகு தங்கை அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். மொட்டைத் தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த தோடு காதில் மின்னியது. வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனாள். “மாமாடி, உன் மாமாடி,” என்று தங்கை இழுத்தாள். பிள்ளை கையை உதறிக்கொண்டு வாசலில் இருந்து ஓடி, மாடிப்படிக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

மாடிப்படி வரை போய் நின்றுவிட்டேன். பயந்த நாய் மூலையில் மாட்டினால் கடிக்கும். பிள்ளையை இழுக்கப் போனால் நாய் மிரளும். கூப்பிட வேண்டும் என்றால் குரல் வேண்டும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மெதுவாகக் குனிந்து பார்த்தேன். பிள்ளை மோட்டாருக்குப் பக்கத்தில், நாயின் விலாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நாய் அவளை விரட்டவில்லை. அவள் பக்கம் திரும்பி, தோடு போட்ட காதை ஒருமுறை முகர்ந்தது. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எப்போது போவேன் என்று காத்திருந்தார்கள்.

நான் எழுந்து வீட்டுக்குள் போனேன்.